விண்ணப்ப எண் இருபத்து மூன்று

ஜொகூர் பாரு
2 மார்ச் 2025

யோகா,

என் கைப்பேசி எண்ணைத் தடுத்துவிட்டாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. நேற்று உன் வீட்டுக்காரர் லோகேஸ்வரனைக் கூப்பிட்டேன். "யோகேஸ்வரி வெளிய போயிருக்குங்க, வந்தோன்ன சொல்றேன்" என்றார், பாவம். அவருக்குப் பின்னாலிருந்து "நான் செத்துட்டேன்னு சொல்லுங்க" என்று உன் குரல் கேட்டது. செத்தவர்களுக்கும் தபால் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

உன் கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தென் ஜொகூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கான ஆய்வாளர் வேலை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஆந்தைகளைப் பற்றி, இரண்டு வருடம், ஒரே ஒரு இடம். நேர்முகத் தேர்வு மார்ச் இருபது. ஐந்து பேருக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டியதை யாரோ ஒரு புண்ணியவான் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக அனுப்பிவிட்டார். உன் பெயர் இரண்டாவது. என் பெயர் நாலாவது.

நானும் விண்ணப்பித்திருக்கிறேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. தப்புதான். ஆனால் ஒன்றை மட்டும் நீ நம்ப வேண்டும். உன் ஆய்வுத் திட்டத்தை அனுப்பி, "படிச்சுப் பாத்துத் திருத்திக் குடு ஷர்மி" என்று நீ கேட்பதற்கு முன்பே நான் என்னுடையதை அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு சொல்ல வெட்கமாகப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

ஆறு வருடம் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நீ ஆந்தை, நான் எலி. உன் ஆந்தை கக்கிப் போட்ட உருண்டையை உடைத்து, அதற்குள் என் எலிகளின் மண்டையோட்டை எண்ணியிருக்கிறோம். இன்றைக்கு நான் சிங்கப்பூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்கு லேபல் ஒட்டுகிறேன். மூன்று வருடமாக விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, பாலம் கடக்கும் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறேன். என்னோடு அம்மாவும் எழுந்து தேத்தண்ணி போடுகிறார். எனக்கும் வெளியே வர ஆசை இருக்காதா?

திட்டியாவது எழுது.

ஷர்மைன்


லாபிஸ்
7 மார்ச் 2025

ஷர்மைன்,

கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். என் மாமியார் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். "ஷர்மைன் பொண்ணு எழுதியிருக்கு, நல்லா இருக்காமா?" என்று வேறு கேட்டார்.

நீ ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த மின்னஞ்சலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் விண்ணப்ப எண் இருக்கிறது. விண்ணப்பங்கள் வந்து சேர்ந்த வரிசைப்படி போட்ட எண். சந்தேகத்துக்கு அலுவலகத்தைக் கூப்பிட்டும் கேட்டேன். என்னுடையது பதினேழு. நீ திருத்திக் கொடுத்த மறுநாள், பிப்ரவரி ஒன்பதாம் தேதி அனுப்பினேன். உன்னுடையது இருபத்து மூன்று.

பதினேழுக்குப் பிறகு இருபத்து மூன்று வரும். எலி எண்ணி முனைவர் ஆனவளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நீ விண்ணப்பித்ததற்காக நான் கோபப்படவில்லை. வேலை எல்லாருக்கும் வேண்டும். உன்னை நம்பி என் திட்டத்தைத் திறந்து காட்டினேன். நீ அதைப் படித்துவிட்டுப் போய் விண்ணப்பித்திருக்கிறாய். இப்போது வெட்கம் என்று சொல்லி என்னையே சமாதானப்படுத்துகிறாய்.

இன்னொன்றும் தெரிந்துகொள். பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள்தான் இந்த வேலைக்கு வர முடியும். எனக்கு வரும் நவம்பரோடு ஐந்து முடிகிறது. இந்த ஐந்து வருடத்தில் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன், பள்ளி முடிக்கும் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் சொல்லிக் கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கேட்காமலே தோட்டத்து ஆந்தைப் பெட்டிகளைப் பார்த்து வந்தேன். இது எனக்குக் கடைசி வாய்ப்பு. உனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

பதில் எழுதுவதாக இருந்தால் உண்மையை எழுது. இல்லாவிட்டால் ஸ்டாம்பை வீணாக்காதே.

யோகேஸ்வரி


ஜொகூர் பாரு
11 மார்ச் 2025

யோகா,

உண்மை இதுதான்.

பிப்ரவரி ஏழாம் தேதி, பஸ் வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியில் உன் திட்டத்தைப் படித்தேன். மூன்று பக்கம் வரை சந்தோஷமாகத்தான் படித்தேன். நாலாம் பக்கம் வந்தது. எலிக்கு வைக்கும் விஷத்தால் அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் சாகிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தோட்டக்காரர்கள் விஷத்தை நிறுத்த மாட்டோம் என்கிறார்கள். நீ எழுதியிருந்தாய்: முழுக்க நிறுத்த வேண்டாம், குஞ்சு பொரிக்கும் மாதங்களில் மட்டும் நிறுத்திப் பாருங்கள், அந்தக் குஞ்சுகளுக்கு இரை கொடுத்தே ஆந்தைகள் எலியைக் குறைத்துவிடும்.

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் நின்றவர், "சிஸ்டர், ஜாலான் லா!" என்று நடக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்.

ஆறு வருடம் அந்த விஷத்தை அளந்தவள் நான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பொறாமை யோகா. உனக்குத் திருத்திக் கொடுத்ததை நேர்மையாகத்தான் செய்தேன், மூன்று இடத்தில் வாக்கியத்தைச் சீராக்கினேன். அடுத்த வாரம் மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து, நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்து, உன் நாலாம் பக்கத்தை என் வார்த்தையில் எழுதி, கடைசி நாளில் அனுப்பினேன். இருபத்து மூன்று.

பூசையில் அன்றைக்குச் சாமியார் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்காதே.

நான் விலகிவிடுகிறேன். அலுவலகத்துக்கு எழுத வேண்டிய மடல் தயாராக இருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொன்னால் அனுப்பிவிடுவேன்.

ஷர்மைன்


லாபிஸ்
15 மார்ச் 2025

ஷர்மைன்,

விலகாதே.

பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. நீ ஒதுங்கி அந்த வேலை எனக்குக் கிடைத்தால், சம்பளம் வாங்கும் ஒவ்வொரு மாதமும் அது நீ விட்டுக் கொடுத்தது என்று தோன்றும். எனக்கு அது வேண்டாம். வந்து உட்கார். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல். தோற்றால் தோற்றுப் போ, அல்லது நான் தோற்கிறேன்.

உண்மையை எழுதினாய். படித்துவிட்டுக் கடிதத்தை அரிசி டின்னுக்கு மேல் வைத்தேன். சமையல் முடியும்வரை அதைப் பார்க்கவில்லை. பிறகு மறுபடி படித்தேன். பொறாமை என்ற வார்த்தையை நீ எழுதியிருக்காவிட்டால் இந்தப் பதில் வந்திருக்காது.

இப்போது ஒரு காரியம். விஷம் தின்ற எலி சாவதற்கு முன் எத்தனை நாள் நடமாடும் என்று உன் ஆய்வில் ஒரு சராசரி கண்டுபிடித்தாயே, அந்த எண் எனக்கு வேண்டும். நேர்முகத்தில் காட்டும் படத்துக்கு. நியாயப்படி உன்னைக் கேட்கக் கூடாது. ஆனால் அந்த எண் உலகத்தில் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

வீட்டில் ஒரு கூத்து. ஆந்தை கக்கிய உருண்டைகளை மைலோ டின்னில் போட்டு ஐஸ்பெட்டியில் வைத்திருந்தேன். வியாழக்கிழமை மாமி அதைத் திறந்து, "இது என்னம்மா, கருவாட்டுல உருண்ட பிடிச்சு வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே புளிக்குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கிவிட்டார். பாய்ந்து போய்ப் பிடுங்கினேன். என்னவென்று சொன்னதும் இரண்டு தடவை குளித்தார். லோகேஸ்வரன் அன்றைக்குக் கடையில் சாப்பிட்டார்.

இதை எழுதும்போது சிரித்தேன். அதனால் உன்னை மன்னித்துவிட்டதாக அர்த்தமில்லை.

யோகேஸ்வரி


ஜொகூர் பாரு
17 மார்ச் 2025

யோகா,

ஆறு நாள். சராசரி ஆறு. குறைந்தது நாலு, அதிகம் பத்து. கடைசி இரண்டு நாள் எலி பகல் இரவு பாராமல் தள்ளாடித் திரியும், ஆந்தைக்குச் சுலபமாக மாட்டும். இந்தக் கடைசித் தகவலை நான் எங்கும் வெளியிடவில்லை, எடுத்துக்கொள். முழு அட்டவணையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நேர்முகத்துக்கு முன் கிடைக்க வேண்டுமென்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

புளிக்குழம்புக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ராசம்மாவுக்கு என் அனுதாபத்த எழுதுடி" என்று உன் மாமியாருக்குச் சொல்லி அனுப்புகிறார்.

வியாழக்கிழமை பார்ப்போம்.

ஷர்மைன்


ஜொகூர் பாரு
23 மார்ச் 2025

யோகா,

அன்றைக்குக் குளுவாங் வளாகத்தில், நேர்முக அறைக்கு வெளியே, அந்த நீளமான நடைபாதையில் நாம் எதிரெதிர் நாற்காலியில் முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மற்ற மூன்று பேரும் ஆண்கள். அதில் கழுத்துப்பட்டை கட்டியவர் தன் கட்டுரைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் போதவில்லை. அப்போது நீ தண்ணீர் பாட்டிலை எடுத்தாய், மூடி திறக்கவில்லை, என் முகத்தைப் பார்க்காமலே பாட்டிலை மட்டும் என் பக்கம் நீட்டினாய். திறந்து கொடுத்தேன். எனக்கு அன்றைக்கு அதுவே போதும்.

உன் நேர்முகம் எப்படி நடந்தது என்று தெரியாது. என்னுடையதைச் சொல்கிறேன். நோன்பு மாதம், பிற்பகல் மூன்று மணி, ஆள் எடுக்கும் பேராசிரியர் ரோஸ்னாவும் இன்னும் இரண்டு பேரும் களைத்துப் போயிருந்தார்கள். முதல் கேள்வியே, "ஆந்தைப் பெட்டி பதினைந்து அடி உயரத்தில் இருக்குமே, ஏறுவீர்களா?" நான் ஏணியில் இரண்டாம் படிக்கு மேல் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். "யாராவது ஏணியைப் பிடித்துக்கொண்டால் ஏறுவேன்" என்றேன். "யார் பிடிப்பார்கள்?" என்றார். "அதற்கும் ஒரு ஆள் போட வேண்டியிருக்கும்" என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு ஆந்தை உருண்டை ஒன்றைத் தட்டில் வைத்துப் பிரிக்கச் சொன்னார்கள். நான் தும்மினேன். பாதி எலி பேராசிரியரின் கோப்பின் மேல் போய் விழுந்தது.

மற்றபடி சில கேள்விகள் கேட்டார்கள். பதில் சொன்னேன். முடிவு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வருமாம்.

ஷர்மி


லாபிஸ்
12 ஏப்ரல் 2025

ஷர்மி,

நேற்று பேராசிரியர் ரோஸ்னா கூப்பிட்டார். வேலை எனக்குத்தான்.

ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி மட்டும் இல்லை. "மற்றபடி சில கேள்விகள்" என்று எழுதினாயே. அது என்ன கேள்வி என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாலாம் பக்கம் ஒரே மாதிரி இருக்கிறதே, யாருடைய யோசனை என்று உன்னைக் கேட்டார்களாம். ஒரே ஆய்வுக்கூடம்தானே, இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தது என்று நீ சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பார்களாம். நீ, "யோகேஸ்வரியின் யோசனை. என்னிடம் படிக்கக் கொடுத்தாள், நான் எடுத்துக்கொண்டேன்" என்று சொன்னாயாம். "இருபது வருடமாக ஆள் எடுக்கிறேன். தன் விண்ணப்பத்தைத் தானே கிழித்துப் போட்ட ஒருத்தியை முதல் தடவை பார்த்தேன்" என்று பேராசிரியர் மலாயில் சொன்னபோது எழுந்து போய் உன் கடிதத்தில் அந்த வரியைத் தேடினேன். அவர் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? எலி மேல் தும்மியதை ஒரு பத்தி எழுதத் தெரிந்தது, இதை எழுதத் தெரியவில்லையா?

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுது. போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை.

இப்போது யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். ஏற்றுக்கொள்ளும் படிவம் வந்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். மேசையில் கிடக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. லோகேஸ்வரன் பழைய காருக்கு டயர் மாற்றிவிட்டார். மாமி, "நீ போம்மா, புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன். அந்த டின்ன மட்டும் கையோட கொண்டு போயிரு" என்கிறார். வீட்டில் எல்லாரும் தயார். நான்தான் தயாரில்லை. ஐந்து வருடமாக ஒரு கட்டுரை எழுதவில்லை. அந்தக் கழுத்துப்பட்டைக்காரர் எண்ணியதை நானும் பார்த்தேன். அங்கே போய், எனக்கு எதுவும் தெரியவில்லை என்று முதல் மாதமே தெரிந்துவிட்டால்? டியூஷன் பிள்ளைகளுக்கு நான் கெட்டிக்காரி. அங்கே?

யோகா


ஜொகூர் பாரு
16 ஏப்ரல் 2025

அலமாக் யோகா!

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே ஏறி வந்துவிட்டார். அவருக்கு ஆந்தை, போஸ்ட்-டாக் எல்லாம் விளக்கி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில், "அப்ப ஒனக்கு வேல கெடைக்கல, அதுக்கா இந்தக் கத்து கத்துன?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னால் அது உனக்கு நான் அனுப்பும் பில் மாதிரி ஆகிவிடும். எடுத்ததைத் திருப்பி வைத்தேன். அதற்கு ரசீது எதற்கு?

இரண்டாவது பக்கம் படித்தேன். அங்கே எனக்குக் கோபம் வந்தது.

ஐந்து வருடம் எதுவும் செய்யவில்லையா? ஞாயிறு தவறாமல் நாற்பது பெட்டிகளைப் பார்த்து, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை உருண்டை என்று நோட்டில் எழுதினாயே, அது என்ன? கோவிட் காலத்தில் போலீஸ் நிறுத்தியபோது, "ஆந்தைக்குச் சாப்பாடு ஆச்சான்னு பாக்கப் போறேன்" என்று சொல்லி அபராதம் கட்டப் பார்த்தாயே, அது என்ன? பிள்ளைகளை முதுகிலும் முன்னாலும் கட்டிக்கொண்டு போனாயே! ஐந்து வருடம் இடைவெளி விடாத பதிவு எந்தப் பல்கலைக்கழகத்தில் யாரிடம் இருக்கிறது? கழுத்துப்பட்டைக்காரரிடம் கட்டுரை இருக்கிறது. உன்னிடம் ஆந்தை இருக்கிறது.

உன் நாலாம் பக்கத்தைப் பார்த்து நான் திருடத் துணிந்தேன். நான் ஒன்றும் மட்டமான சரக்கைத் திருடுகிறவள் இல்லை.

பேனாவை எடு. கையெழுத்தைப் போடு. பயத்தை வைத்துக்கொண்டே போ, அதற்குத் தனி டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

ஷர்மி


குளுவாங்
23 ஜூன் 2025

ஷர்மி,

வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், என் மேசை. ஜன்னல் பக்கம்.

முதல் வாரம் பயந்தது போலவே நடந்தது. புதிய மென்பொருள் ஒன்றும் புரியவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாம் வாரம் பேராசிரியர் என் ஐந்து வருட நோட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை வந்து, "இதை எங்கே மறைத்து வைத்திருந்தாய்?" என்று கேட்டார். மாமியாருக்குப் பயந்து அலமாரிக்கு மேலே என்றேன்.

பாலோ ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு பெட்டி புதிதாக வைக்கிறோம். அங்கே வேலை செய்யும் வெள்ளையம்மா அக்கா முதல் நாள் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "ஆந்த கத்துனா வீட்டுக்கு ஆகாது. அதக் கொண்டாந்து வாசல்ல வைக்கிறியே, நீ தமிழச்சிதானா?" என்று கேட்டார். ஓர் உருண்டையை உடைத்து, அதில் இருந்த நாலு எலி மண்டையோட்டை அவர் கையில் வைத்தேன். "ஒரு ராத்திரில தின்னது இது, அக்கா" என்றேன். எண்ணிப் பார்த்தார். "என் கோழிக்குஞ்சு தீவனத்த நாசம் பண்றது இதுங்கதானா?" என்றார். போன செவ்வாய் அவரே ஆள் அனுப்பினார், தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி வேண்டுமாம். "ஆனா அது கத்தக் கூடாதுன்னு சொல்லி வை" என்ற நிபந்தனையோடு.

இப்போது உன் சங்கதி. இன்று காலை அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். டாக்டர் லிம் என்பவர் நகரத்து விலங்குகளைப் பற்றி ஆராய்கிறார். இதே பல்கலைக்கழகம்தான், ஜொகூர் பாருக் கிளை. அவருக்கு ஒரு போஸ்ட்-டாக் ஆள் வேண்டும். ஜூலை இருபத்தைந்து கடைசி நாள். தலைப்பை விண்ணப்பிப்பவரே கொடுக்கலாம். உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?

யோகா


ஜொகூர் பாரு
5 ஜூலை 2025

யோகா,

தோன்றியது. உன் கடிதம் வருவதற்கு முன்பே, ஏப்ரலில். ஆனால் இது ஒரு யோசனை என்று நான் நினைக்கவில்லை, வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. ஒரு நாள் விடிவதற்கு முன், அதன் மேல் வெள்ளையாக ஏதோ உட்கார்ந்திருந்தது. கூகை, உன் பெட்டி ஆந்தையேதான். வாயில் எலி. கீழே ஐந்நூறு பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது எங்கள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சாவகாசமாகச் சாப்பிட்டது. அன்றிலிருந்து தேடினேன். சந்தைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய கடைவீட்டில் ஒரு சோடி இருக்கிறது. அங்கே பெட்டி கிடையாது, செம்பனை கிடையாது, யாரும் அவற்றை வரவழைக்கவில்லை. தாமாகவே வந்து சந்தை எலியைத் தின்று வாழ்கின்றன. அந்தச் சந்தையைச் சுற்றி எல்லாக் கடைக்காரர்களும் விஷம் வைக்கிறார்கள். அப்படியானால் இவை எப்படி உயிரோடிருக்கின்றன?

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் போய் உருண்டை பொறுக்குகிறோம். அம்மா பையைப் பிடித்துக்கொள்வார். காய்கறிக் கடைக்காரர், "ஐலீன் ஆன்ட்டி, என்ன தேடுறீங்க?" என்று கேட்டால், "கம்மல் விழுந்திருச்சு" என்று சொல்வார். மூன்று மாதமாக அம்மாவின் கம்மல் விழுந்துகொண்டே இருக்கிறது. இதுவரை அறுபத்தொரு உருண்டை.

இத்துடன் ஒன்பது பக்கம். இதில் ஒரு வரிகூட வேறு யாருடையதும் இல்லை. பார்த்துத் திருத்திக் கொடுப்பாயா? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஷர்மி


லாபிஸ்
12 ஜூலை 2025

ஷர்மி,

முதலில் குறைகள். இரண்டாம் பக்கம் இழுக்கிறது, பாதியாக வெட்டு. ஐந்தாம் பக்கத்தில் உருண்டைகளைப் பிரிக்கும் முறையை நீ எழுதியிருப்பது தப்பு, ஓரத்தில் சரியாக எழுதியிருக்கிறேன். அம்மாவின் கம்மலைத் திட்டத்தில் சேர்க்காதே, டாக்டர் லிம்மிடம் நேரில் சொல்.

இனி மற்றது. ஏழாம் பக்கத்தில், சந்தையில் விஷம் தின்னாத இன்னொரு வகை எலி இருக்கிறது, அது சாக்கடை மேலேயே திரிகிறது, ஆந்தை அதைத்தான் அதிகம் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எழுந்து போய்த் துணி காயப் போட்டேன். உலர்த்த வேண்டிய துணி எதுவும் இல்லை, காய்ந்ததை எடுத்து மறுபடி போட்டேன். லோகேஸ்வரன், "என்னாச்சு?" என்று கேட்டார். "ஷர்மி நல்லா எழுதிட்டா" என்றேன். "அதுக்கு ஏன் மொகம் இப்படி இருக்கு?" என்றார்.

பொறாமை ஷர்மி. எனக்கு வேலை கிடைத்து, மேசை கிடைத்து, ஜன்னலும் கிடைத்த பிறகு இப்படி. நீ பிப்ரவரியில் ஆய்வு வேலை கிடைக்காத ஏக்கத்தோடு அந்த வரிசையில் நின்று என் பக்கத்தைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னித்துவிட்டேன் என்று இதுவரை நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

சீக்கிரம் அனுப்பு. கடைசி நாள் வரை காத்திருக்காதே.

யோகா


ஜொகூர் பாரு
4 அக்டோபர் 2025

யோகா,

நியமனக் கடிதம் வந்ததை அன்றைக்கே போனில் கத்திச் சொல்லிவிட்டேன். நீயும் கத்தினாய், இரண்டு பேருக்கும் மற்றவள் சொன்னது எதுவும் கேட்கவில்லை. அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

டாக்டர் லிம் சந்தைக்கே வந்துவிட்டார். நேர்முகம் முடிந்த மறுவாரம், முடிவு சொல்வதற்கு முன்பே, அந்தக் கடைவீட்டைக் காட்டச் சொன்னார். காய்கறிக் கடைக்காரர் அவரிடமும் போய், "கம்மல் தேடுறீங்களா டாக்டர்?" என்று கேட்டார். அம்மா முகத்தை மூடிக்கொண்டார். குனிந்து உருண்டை ஒன்றை எடுத்த டாக்டர் லிம், மெதுவாக, "இதை நீங்கள் சம்பளமில்லாமல் எத்தனை மாதமாகச் செய்கிறீர்கள்?" என்றார். சொன்னேன். அந்த உருண்டையை அம்மாவின் பையில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரில் கடைசி நாள். கூட வேலை செய்தவர்கள் ஒரு கேக் வாங்கி, அதன் மேல் ஒரு லேபல் ஒட்டியிருந்தார்கள்: மாதிரி எண், தேதி, "ஷர்மைன், கலப்படமில்லாதது." கொஞ்சம் அழுதேன். மதியமே விட்டுவிட்டார்கள். மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பட்டப் பகலில் பாலம் கடந்தேன். தண்ணீர் பச்சை நிறம் என்பது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வழக்கம் போல மறுநாளைக்கு ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். "அம்மா, நாளையிலேருந்து மூணரைக்கு எந்திரிக்க வேணாம்" என்றேன்.

"அப்ப எத்தன மணிக்கு எழுப்பட்டும்?"

"ஏழு மணிக்கு."

"ஏழு மணியா?" என்றார். கொஞ்சம் கழித்து, "ஏழா?" என்று மறுபடி கேட்டார். கழுவிய ஃபிளாஸ்க்கை இன்னொரு தடவை கழுவினார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

மறுநாள் நான் கண் விழித்தபோது அறை முழுக்க வெயில். ஏழேகால். சமையலறையில் சத்தமே இல்லை. பயந்து போய் அம்மாவின் அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, கையைத் தலைக்கு மேல் போட்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கதவைச் சாத்திவிட்டு, தேத்தண்ணியை நானே போட்டேன்.

ஷர்மி